கிழமை தெரிந்த பேட்டரி

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் பேட்டரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பஸ் டெப்போவின் பேட்டரி அறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. ஆசிட் தெறித்த அவருடைய சட்டைகளுக்கு நான் போட்ட ஒட்டுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு போர்வை தைத்துவிடலாம்.

நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரி. மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் அவர்கள் வீட்டு வாசலும், மதிலோரம் நிற்கும் பழைய வெள்ளைக் காரும் தெரியும். வெளிச்சத்துக்காகத்தான் அங்கே போட்டேன் என்று சொல்வேன். தெருவில் ஒருத்தரும் நம்பியதில்லை.

டெப்போவில் அவருக்குச் சார்ஜ் போடுவது மட்டும் வேலை இல்லை. ஒரு பேட்டரி இன்னும் ஓடுமா, தூக்கிப் போடலாமா என்று முடிவு சொல்வதும் அவர்தான். கண்ணாடிக் குழாயின் தலையில் ரப்பர் குமிழ் வைத்த ஒரு கருவி அவரிடம் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளிலும் ஒவ்வொன்றாக விட்டு ஆசிட்டை உறிஞ்சுவார். சார்ஜுக்குத் தக்கபடி உள்ளே ஒரு மிதவை எழும்பி நிற்கும். அது எங்கே நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஓடும்" என்பார், அல்லது "முடிஞ்சது" என்பார். அவர் ஓடும் என்று சொன்ன பேட்டரி வழியில் நின்றதில்லை, முடிந்தது என்று சொன்னதை யாரும் எடுத்து மாட்டிப் பார்த்ததும் இல்லை. இது அவரே சொன்னது. ஒரு தடவை அல்ல, மாதத்துக்கு ஒரு தடவை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் "ஹலோ" என்று சொன்னால் எழுந்து நிற்கத் தோன்றும் குரல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். முக்கால் மணி நேர ஓட்டம், மிஷினில் நாலு மணி நேரம், திரும்பி வந்தால் அன்றைய பொழுது முழுக்கப் படுக்கை. ஊசி போடுகிற இடது கைக்காக அவருடைய சட்டைகளின் கைகளை நீளவாக்கில் பிரித்து ஜிப் வைத்துக் கொடுத்தேன். ஒன்பது சட்டை. "பையைத் திறக்கிற மாதிரி என்னைத் திறக்கிறாங்க தையல்" என்று சிரிப்பார். என்னை அவர் கூப்பிடுவது 'தையல்' என்றுதான்.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில்தான் இது ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குக் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் கட்டை விரலால் மேஜையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. நானும் பக்கத்து வீட்டு லாரி டிரைவரும் தள்ளினோம். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கியதுதான் மிச்சம். லாரியிலிருந்து ஒயர் கொடுத்து ஒரு வழியாகக் கிளப்பியபோது ஐந்தே முக்கால். போய்ச் சேருவதற்குள் அக்காவுடைய நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் யாருக்காகவும் இடம் காத்திருக்காது. திரும்பி வந்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பகல் முழுக்கப் பேட்டரிக்காரர் பேட்டரியைக் கழற்றி வராந்தாவில் வைத்து, சார்ஜ் ஏற்றி, குழாயை விட்டு விட்டுப் பார்த்தார். நான் தைத்து முடித்த சட்டையைக் கொடுக்கப் போயிருந்தேன். லாரி டிரைவரும் குந்தியிருந்தார்.

"நாலு வருஷம் ஆச்சுல்ல? மாத்திப் போடுங்கண்ணே. இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?"

"நாலு வருஷம்னா அதுக்கென்ன? உனக்கு அம்பது வயசு, உன்னை மாத்திட்டாங்களா வீட்டுல?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

"இங்க பாரு. ஆறு அறையும் ஒரே மாதிரி ஏறியிருக்கு. ஒண்ணு செத்திருந்தா அது மட்டும் கீழ நிக்கும். ஆறும் சமமா நிக்குது பாரு. இது சாகிற பேட்டரி இல்ல. இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்."

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

அவர் குழாயை மறுபடியும் முதல் அறைக்குள் விட்டார். உள்ளே அக்கா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். சிறுநீரகம் போனவர் எதையும் அப்படியே சாப்பிடக் கூடாது. நறுக்கி, ஊற வைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி வேக வைத்து, சத்தெல்லாம் போன பிறகு சக்கையைச் சாப்பிட வேண்டும். "நீ என்னக்கா சொல்ற, மாத்தலாமா?" என்று கேட்டேன். "அவர் ஓடும்னா ஓடும். நான் என்னத்தக் கண்டேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

வியாழன் கிளம்பியது. சனி கிளம்பியது. அடுத்த செவ்வாயும் ஒழுங்காகவே ஓடியது. அதற்கடுத்த செவ்வாய் மறுபடியும் அதே கட்டை விரல் சத்தம், அன்றைக்கும் இடம் போனது.

"பேட்டரிக்குக் கிழமை தெரியுமா என்ன?" என்றார் லாரி டிரைவர். நாங்கள் சிரித்தோம். சிரித்ததை நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. செவ்வாய்க்கிழமையின் விசேஷம் எங்களுக்குத் தெரியாததல்ல. சனிக்கு அப்புறம் இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் சேர்ந்த நீர் முழுவதையும் செவ்வாய் அன்று ஒரே இழுப்பாக எடுப்பார்கள். கால் நரம்பு சுருட்டி இழுக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சட்டென்று கீழே போகும். மற்ற இரண்டு நாளும் அக்கா நடந்து வந்து வண்டியிலிருந்து இறங்குவார். செவ்வாயன்று பேட்டரிக்காரர் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

வாடகை வண்டி சொல்லிவைத்தால் என்ன என்று கேட்டதற்கு, "திரும்பி வரும்போது அடுத்தவன் வண்டியில வாந்தி எடுத்துட்டு வர்றதா? நான் மாட்டேன்" என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இந்தத் தடவை இரண்டு நாள் தள்ளிப்போனதில் அக்காவின் பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. படுத்தால் மூச்சு முட்டி, நாற்காலியிலேயே தூங்கினார். வெளியூரில் இருக்கிற மகன் போனில் கத்தியது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. "பேட்டரிய மாத்துங்கப்பா! அம்மா உயிரை விட உங்க ரீடிங் பெருசா?"

அந்த வார்த்தையில் மனுஷர் அடங்கிப்போனார். அன்று சாயங்காலமே போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தார். மாட்டும்போது நான் குடை பிடித்தேன்.

"முப்பத்து நாலு வருஷத்துல நல்ல பேட்டரிய நான் கழட்டினதில்லம்மா. இதான் முத தடவை." ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டே சொன்னார். "இதைப் பாரு, மேல மூடியே இல்ல. மொத்தமா ஒட்டிட்டான். குழாய் விட்டுப் பாக்க வழி கிடையாது. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாது. வண்டி எடுத்தா எடுத்துச்சு, இல்லன்னா இல்ல. என்ன பொழப்பு இது!"

"விடுங்கண்ணே. இனி நிக்காம ஓடுதுல்ல, அது போதும்."

"ஓடும்" என்றார். பழைய தெம்பு அதில் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கார் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. ஆனால் கதவைத் திறக்கும் முன்பே உள்ளே கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். அதை அவர் ரகசியம் போல என்னிடம் வந்து சொன்னார். "ராத்திரி பூராவும் எரிஞ்சிருக்கு. நான்தான் அணைக்காம விட்டிருக்கேன். பழைய பேட்டரிய வேற குத்தம் சொன்னோம், பாவம். அது வயசானது, ஒரு சின்ன பல்பைக் கூடத் தாங்கியிருக்காது. புதுசு தாங்கிடுச்சு. எனக்கு மறதி வந்துடுச்சு போலிருக்கு. அவளை யாரு பாப்பா?" அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது, மறதிக்கு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் தன்னைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தார். தினமும் சாயங்காலம் காரை இரண்டு முறை சுற்றி வந்து, விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் துணி உறை போட்டு மூடுவார்.

இரண்டு வாரம் போனது. அது திங்கட்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மழை விட்டுக் குளிர்ந்த காற்று அடித்தது. கழுத்துப் பட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். கார் உறையின் பின்பக்கம் இரண்டு இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது. அவர் வீட்டில் டி.வி. செய்தி அலறிக்கொண்டிருந்தது. மறதிக்காரர் மறுபடியும் விட்டுவிட்டார் என்று நினைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

உறையைத் தூக்கினால் உள்ளே அக்கா. முன் சீட்டில், மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாளைக்கான போர்வையும் காலுறையும் அந்தக் கூடையில் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து வைத்துவிடுவது அவர் வழக்கம். கூரை விளக்கு, முன்னால் சின்ன விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, எல்லாம் எரிந்தன.

"அக்கா, லைட்டு..."

"தெரியும்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன், அந்த ஈர மண்ணிலேயே.

"நீயாக்கா? எல்லா தடவையுமா?"

"கத்தாத. செய்தி முடியப் போகுது."

"காலைல அவரு பாக்க மாட்டாரா?"

"அவரு வீட்டைப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள நான் ஏறி உக்காந்துடுவேன்ல. கையை நீட்டி எல்லாத்தையும் அணைச்சிடுவேன். அதுக்குள்ள பேட்டரி செத்திருக்கும், எரியிறதே தெரியாது. இந்தப் புதுசுலதான் கணக்குத் தப்பிடுச்சு. விடியிற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டு இருந்தது, அவரு முன்னால வந்துட்டாரு. சின்ன பல்பு பத்தாது, எல்லா லைட்டும் போடணும்னு தெரிஞ்சுக்கிட்டேன். எந்த லைட்டு எவ்வளவு குடிக்கும்னு நாப்பது வருஷமா சோறு தின்னும்போதெல்லாம் பாடம் எடுத்திருக்காரே. யாரு கேட்டா அதை? ஆனா மண்டையில ஏறியிருக்கு பாரு."

"அவருக்கு மறதின்னு நினைச்சுப் பயந்துக்கிட்டு இருக்காருக்கா."

அக்காவின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. "அது ஒண்ணுதான் எனக்குப் பொறுக்கல" என்றார்.

"வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான? அவரு என்ன, அடிக்கவா போறாரு?"

"சொல்லலாம். சொன்னா ஒத்துக்குவாரு, எனக்குத் தெரியும். அப்புறம் நான் போன பின்னாடி, ஒவ்வொரு செவ்வாயும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து, கூட்டிட்டுப் போயிருக்கணுமோன்னு யோசிப்பாரு. வண்டி எடுக்கலன்னா அப்படி இல்ல. பேட்டரிய திட்டிட்டுப் போயிடுவாரு. திட்டுறதுக்கு அவருக்கு ஏதாவது வேணும் தையல். அது நானா இருக்கக் கூடாது."

"நல்லாயிடும்க்கா."

"யாரு சொன்னா? டாக்டர் சொன்னாரா? அஞ்சு வருஷத்துல ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல அந்த ஆளு. உண்மைய மறைக்காத மனுஷன். இதோட இப்படியே இழுக்கலாம்னுதான் சொல்வாரு. இழுத்தாச்சு. போதும்."

கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்து, கையை உள்ளே விட்டு, விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு உறையை இழுத்து மூடினேன். அவர் தடுக்கவில்லை. தடுக்கிற பலமும் அவருக்கு இல்லை. படியேறும்போது மட்டும், "உன் ஜன்னல்ல வெளிச்சம் நல்லாத்தான் வருது" என்றார்.

மறுநாள் கார் கிளம்பியது. அக்காவை மிஷினில் போட்ட மூன்றாவது மணி நேரத்தில் அழுத்தம் விழுந்து, கண் செருகி, பெல் அடித்து எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பேட்டரிக்காரர் கூட்டி வந்தார். தனியாகத் தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். அக்காவின் உடம்பு துவைத்துப் பிழிந்த துணி போலக் கிடந்தது. கட்டிலில் படுக்க வைத்து, சட்டைக் கையின் ஜிப்பை மூடிவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க நான் தைத்த எதுவும் நேராக வரவில்லை. கை நீளத்தை மாற்றி வெட்டி, ஒரு துணியை வீணாக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா வாழ வேண்டும் என்று நினைத்தேன். அது அவருக்காகவா, எதிரே ஒரு வீடு எனக்குப் பழகிவிட்டது என்பதற்காகவா என்றும் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் கார் உறையில் மறுபடியும் இரண்டு சிவப்பு தெரிந்தது. நான் இறங்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, விளக்கு போட்டுக்கொண்டு பட்டன் தைத்தேன். நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. செய்தேன், அவ்வளவுதான்.

செவ்வாய் காலை ஐந்து மணிக்கு வாசலில் பேட்டரிக்காரரின் குரல் கேட்டு இறங்கினேன். கூப்பிட்டது என்னை இல்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். அக்கா இன்னும் வெளியே வரவில்லை. அன்றைக்கு அவரால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. அதனால் பேட்டரிக்காரர் முதலில் வண்டியைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவரலாம் என்று, அவருக்கு முன்னால் வந்து கதவைத் திறந்திருக்கிறார்.

விளக்கு ஒன்றும் எரியவில்லை. எரிவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் திருகியபடி இருந்தது. கூரை விளக்கின் சுவிட்சும் தள்ளியபடி இருந்தது. சீட்டில் கூடை.

அவர் டார்ச்சை அந்த சுவிட்சின் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து ரெண்டு தடவை சுத்திப் பாத்தேன்மா. ஆறு மணிக்கு. ரெண்டும் அணைஞ்சிருந்துச்சு. இது எனக்கு மறதி இல்ல."

"இல்லண்ணே."

"அதுக்கப்புறம் இந்தக் கூடைய வைக்க அவதான் வந்தா."

அவர் டார்ச்சை என் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு, உடனே இறக்கிக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"போன வாரத்துலேருந்து."

"அந்தப் பழைய பேட்டரி நல்ல பேட்டரிம்மா" என்றார். "ஆறும் சமமா நின்னுச்சு. நான்தான் சொன்னேனே." சொல்லிவிட்டுக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் வராமல் இருக்க ஒட்டுப்போட்ட சட்டைக் கையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். நாற்பது வருஷத்து மனுஷியைத் தெரியவில்லையே, தெரியவில்லையே என்று தலையை ஆட்டினார். ஓயும் வரைக்கும் நான் நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு சுவிட்சையும் அணைத்தார். கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பின்னாலேயே நானும் போய் வாசற்படியில் நின்றேன்.

அக்கா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். தலை வாரி, ஜிப் வைத்த நீலச் சட்டை போட்டிருந்தார். மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

"வண்டி எடுக்கலையா?" என்று கேட்டார்.

அவர் கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த நேரத்தில் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். லாரி டிரைவரை எழுப்பியிருக்கலாம். அக்காவின் கண் அவர் முகத்தைவிட்டு அசையவில்லை.

"எடுக்கல" என்றார்.

"புது பேட்டரியாச்சே."

"புதுசுதான். இந்தக் காலத்துப் பேட்டரி, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. திருட்டுப் பயலுங்க, என்னத்த வச்சு அடைக்கிறானுங்களோ உள்ள." திட்டிக்கொண்டே போனார். குரல் உடைந்த இடத்தில் இன்னொரு வசவு போட்டு மூடினார்.

ஆறேகாலுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நர்ஸ் பேசியது படி வரைக்கும் கேட்டது. வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா. பேட்டரி நின்னுடுச்சு."

பத்து மணிக்கு ஒரு இடம் காலியாகிறது, அதற்குள் சரிசெய்துகொண்டு வர முடியுமா என்றாள். முடியாது என்றார். அப்படியானால் வியாழக்கிழமை தவறாமல் வந்துவிடுங்கள் என்றாள்.

"வியாழக்கிழமையும் எடுக்காதும்மா." அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சனிக்கிழமையும் எடுக்காது. அந்த நாற்காலிக்கு யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குக் குடுத்துடுங்க."

பிறகு அவள் என்னவோ மெதுவாகச் சொன்னாள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அக்கா உயிரோடு இருந்த ஒன்பது நாளிலும் பேசவில்லை.

"செருப்போட நிக்கிறீங்க பாருங்க, வீட்டுக்குள்ள" என்றார் அக்கா.

அவர் குனிந்து பார்த்தார். வெளியே போவதற்காகப் போட்ட செருப்பு, மண்ணும் ஈரமுமாக, கூடத்தில் தடம் பதித்திருந்தது. அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார்.